மயக்கத்தில் சொன்னது

"பின்னுன்னு சொல்லிடு."

"இன்னா பின்னு?"

"ஹேர்பின்னு. காது அரிச்சுது, குடைஞ்சேன், குத்திகிச்சுன்னு சொல்லு. டாக்டர் கேப்பாரு இல்ல? வேற இன்னா சொல்லுவ?"

"நடந்தத சொல்லுவேன்."

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே உங்கப்பா வீட்டுக்குப் போயிடு. ஊரே வாசல்ல வந்து நிக்கட்டும். ஸ்டெஃபிக்கு ரெண்டு வயசு ஆவுது. அத மட்டும் யோசிச்சுக்கோ." வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சார்லி குரலை இறக்கினான். "செல்வி, கோவத்துல கை பட்டுடிச்சு. இனிமே கை நீட்ட மாட்டேன், மாதா மேல சத்தியம். இந்த ஒரு தடவ சொல்லிடு."

அந்தப் பேச்சு ஒரு சொல் மாறாமல் ஆரோக்கியசெல்விக்கு ஞாபகம் இருந்தது. முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்குப் போகிற வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வலது காதில் அழுத்திப் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டு போன பேச்சு. டாக்டர் கேட்டார். அவள் பின் என்றாள். அதோடு முடிந்தது என்று சார்லி நினைத்துக்கொண்டான்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அறைந்ததற்குக் காரணம் ஒரு புடவைக் கரை. புது டிசைனுக்காக ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளைத் தறியில் கோத்துக் கட்டியது சார்லி. வரிசையைத் திருப்பிக் கட்டிவிட்டான். கரையில் வந்த அன்னமெல்லாம் தலைகீழாக நின்றன. வேலை கொடுக்கிற முதலாளி வேணுகோபால் வந்து பார்த்து, "யாருப்பா அட்டை கட்டினது?" என்று கேட்டபோது சார்லி மனைவியைப் பார்த்தான். நீ கட்டினதாக ஒத்துக்கொள் என்று அந்தப் பார்வை சொன்னது. செல்விக்கு அது புரியாமலில்லை. புரிந்தும், "அவருதாங்க கட்டினாரு. திருப்பிக் கட்டறீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள். முதலாளியின் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அறை விழுந்தது. காதுக்குள் ஏதோ படீரென்றது. பிறகு வீட்டிலிருந்த இரண்டு தறியின் சத்தமும் ஒரு பக்கமாக மட்டும் கேட்டது.

சார்லி சத்தியத்தைக் காப்பாற்றினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குடிக்கிறவன் இல்லை. கோயிலில் பாடற்குழுவில் முன்வரிசை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவனே ரசம் வைப்பான். கல்யாணத்துக்கு முன்னால் சேத்துப்பட்டு மாதா திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று, "உங்களுக்குப் பயமா இருந்தா நான் ஏறல" என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்த அதே சார்லிதான் அவன். பக்கத்து வீட்டு அம்மணி அக்கா வாரம் ஒருமுறையாவது, "உன் ஊட்டுக்காரரு மாதிரி வருமாடி" என்பாள். செல்விக்கு அதுவே பெரிய பேஜாராக இருந்தது. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவளால் பொறுக்க முடியாதது அறையில்லை, அந்தப் பின்.

ஒருமுறை மட்டும் சொல்லச் சொன்ன பொய் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. வளர்த்தது சார்லி. முதல் வருஷம் காது அரித்தது, குடைந்தாள், அவ்வளவுதான். மறுவருஷம் அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த கிறிஸ்துமஸில், சேத்துப்பட்டில் அவள் அப்பா வீட்டில், "கரெக்டா அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சு மாமா" என்றான். நாலாம் வருஷம் மேலிருந்து ஒரு பல்லி விழுந்தது. பல்லி விழுந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா சிங்கராயர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கவனம் என்ற சொல்லை வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதியவர். மகள் கவனமில்லாதவள் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் அவள் தலையைத் தொட்டு, "பின்னு இல்லையே?" என்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வண்ணத்தாள் சுற்றிக் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு டப்பா பரிசு கொடுத்தார். செல்வியும் சிரித்தாள். தெருவில் யாராவது பிள்ளை காதில் குச்சியை விட்டால், "செல்விக்கா மாதிரி ஆவணுமா?" என்று அதட்டினார்கள். ஸ்டெஃபிக்கு இப்போது ஒன்பது வயசு. அவளே போன மாதம் தோழியிடம், "எங்கம்மா ஹேர்பின்னால குத்திகினாங்க, நீ குத்திக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வி ஒரே ஒன்றுதான் எதிர்பார்த்தாள். சார்லி தானாகப் போய் அவள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும். அவள் கேட்டுச் சொல்லக்கூடாது. தவக்காலம் வரும்போதெல்லாம், இந்த வருஷம் சொல்லிவிடுவான் என்று இருந்தாள். அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான், சாமியாரிடம் சொல்லிவிட்டு லேசாக வீட்டுக்கு வருவான். கடவுள் மன்னித்துவிட்டார் என்று அவன் முகத்தில் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் செல்வி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

காதில் சீழ் வருவதும் நிற்பதுமாக இருந்தது. கடைசியில் வேலூர் போகிற வழியிலிருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், ஓட்டையான செவிப்பறைக்கு ஜவ்வு ஒட்டினால்தான் சரியாகும் என்றார்கள். காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருந்தே மெல்லிய சதைத்தோலை எடுத்து ஓட்டையில் வைப்பார்களாம். முழு மயக்கம் இல்லை. காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி, பயம் தெரியாமலிருக்க நரம்பில் ஒரு தூக்க மருந்து.

மயக்க டாக்டர் சூர்யகலா சின்ன வயசுப் பெண். கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து படுக்கையில் உட்கார்ந்தாள்.

"செல்விம்மா, நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். காது ஆபரேஷனுக்கு ரெண்டு தூக்க மருந்து இருக்கு. ரெண்டுமே எல்லா ஊர்லயும் குடுக்கறதுதான். எது நல்லா ஒத்துப்போவுதுன்னு பாக்கறோம். ஒண்ணு மிடசோலம். பழைய மருந்து. நல்லா கிறங்கும், பாதி ஞாபகம் இருக்காது. ஒருசிலர் மட்டும் தூங்காம வாய் ஓயாம பேசுவாங்க. அப்புறம் பேசினதே தெரியாது."

"இன்னொண்ணு?"

"டெக்ஸ்மெடிடோமிடின். பேருதான் பெருசு. சாதாரணத் தூக்கம் மாதிரி இருக்கும். கூப்பிட்டா முழிச்சிப் பதில் சொல்லுவீங்க, உட்டா திரும்பத் தூங்குவீங்க. வாய் வறளும், நாடி கொஞ்சம் மெதுவாகும், அத நாங்க பாத்துப்போம். ரத்தக்கசிவு எதுல கம்மி, நீங்க எதுல அமைதியா இருக்கீங்க, டாக்டருக்கு எது வசதின்னு எழுதி வெப்போம். விருப்பம் இல்லன்னா வேணாம். ஆபரேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எனக்கு எது?"

"எனக்கே தெரியாதும்மா. மூடின உறைக்குள்ள சீட்டு இருக்கு. வேற ஒருத்தர் பிரிச்சுப் பாத்து மருந்த நிரப்பி, நம்பர் மட்டும் எழுதிக் குடுப்பாங்க. தெரிஞ்சா நாங்க பாரபட்சமா எழுதிடுவோம் இல்ல?"

செல்வி உடனே கையெழுத்துப் போட்டாள். வாய் ஓயாமல் பேசுவார்கள் என்ற சொல் அவளுக்குள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டது. ஏழு வருஷமாகத் தன் வாய் திறக்கவில்லை. மருந்து திறக்கட்டும். பிறகு யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மயக்கத்தில் வந்தது என்றுவிடலாம். இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சார்லியும் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் இடதுபக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது காது மேலே இருந்தது. முள்ளிப்பட்டு வீட்டில் யாருக்காவது அவளுக்குத் தெரியாமல் ரகசியம் பேசவேண்டுமென்றால் செல்வியின் வலதுபக்கம் வந்து பேசுவது வழக்கம். வீட்டில் ஓயாமல் தறி ஓடும், அந்தச் சத்தத்தில் அந்தக் காது சுத்தமாக உதவாது. ஆனால் தறி இல்லாத இடத்தில் அதற்கும் கொஞ்சம் கேட்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சார்லிக்கும் தெரியாது.

வழக்கப்படி அவன் அந்தப் பக்கமே வந்து நின்றான். கூட ஆன்சன். சார்லியின் சித்தப்பா மகன், அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்.

"டேய், அந்தத் தூங்கற மருந்தே போடச் சொல்லுடா. பேசற மருந்து வேணாம்."

"ண்ணா, அது இன்னா ஓட்டல்ல தோசை சொல்ற மாதிரியா? நிரப்பறவங்க வேற, போடறவங்க வேற. சூர்யகலா மேடத்துக்கே தெரியாது."

"நீ உள்ளதான இருக்க? பாத்து மாத்திடேன்."

"என் வேலைய மாத்திடுவாங்க. உனுக்கு இன்னா அவ்ளோ பயம்? அண்ணி இன்னா உளறிடப் போவுது?"

"குடும்ப விஷயம் ஆயிரம் இருக்கும்டா."

"எத்தினி பேரு பேசறாங்க தெரியுமா உள்ள. போன வாரம் ஒரு தாத்தா கட்டிக்காம உட்டுட்ட பொண்ணு பேரச் சொல்லிகினே இருந்தாரு. நாங்கலாம் காதுல வாங்கறதே இல்ல."

"அது தாத்தா. இது வேற."

செல்வி கண்ணைத் திறக்கவில்லை.  அவளுடைய ஜவ்வு ஒட்டுமா, காது கேட்குமா என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வாய் திறந்துவிடுமா என்பதுதான் அவனுக்குப் பயம். பயப்படு, நன்றாகப் பயப்படு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தியேட்டரில் குளிர் அதிகம். சூர்யகலா ஒரு படத்தைக் காட்டி, "இத ஞாபகம் வெச்சுக்குங்க, நாளைக்குக் கேப்பேன்" என்றாள். குடைப் படம். தலையை இடதுபக்கம் திருப்பி, முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் ஒரு பம்ப்பில் நம்பர் எழுதின சிரிஞ்ச். காதுக்குப் பின்னால் ஊசி நாலு முறை சுருக்கென்றது, பிறகு அந்த இடமே தன்னுடையது இல்லை என்பதுபோல் ஆனது.

தூக்கம் வந்தது. மழைக்காலத்து மத்தியானத் தூக்கம் மாதிரி, தலையணைக்குள் மெல்ல இறங்குகிற தூக்கம். செல்வி தனக்குப் பேச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காதுக்குள் ரத்தத்தை உறிஞ்சுகிற குழாய் சர்சர்ரென்று பெரிய சத்தம் போட்டது. யாரோ பஞ்சு கேட்டார்கள். ஆன்சனின் செருப்புச் சத்தம் கூடத் தெரிந்தது. எல்லாம் கேட்டது, எதுவும் உறுத்தவில்லை. வாய் உலர்ந்து கிடந்தது.

"செல்விம்மா," ஆபரேஷன் செய்துகொண்டிருந்த டாக்டர் தென்னரசுவின் குரல் துணிக்கு மேலிருந்து வந்தது. "முழிச்சிருக்கீங்களா?"

"ம்."

"பாதி வேலை முடிஞ்சுது. இது எப்படி ஆச்சு? பின்னுன்னு எழுதியிருக்கு. பின்னு குத்தினா இவ்ளோ பெருசா நான் பாத்ததில்ல."

இதோ. எந்த மருந்தும் திறக்காத கதவை ஒரு மனுஷர் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தார்.  மானிட்டர் மட்டும் நிதானமாக டிக் டிக்கென்றது. துணிக்கு அடியில் சார்லி இல்லை, அப்பா இல்லை, முள்ளிப்பட்டு இல்லை. தலை தெளிவாக இருந்தது. நாக்கு அவள் சொன்னபடி கேட்கிற நிலையில்தான் இருந்தது.

"பின்னுதான் சார்," என்றாள்.

"சரி, தூங்குங்க."

அவள் தூங்கவில்லை. மருந்து தூங்கச் சொன்னது, ஆனால் கண்ணோரத்திலிருந்து நீர் மூக்கின் மேல் வழிந்து இறங்கியது. "வலிக்குதா?" என்று துணியைத் தூக்கிப் பார்த்தாள் சூர்யகலா. இல்லை என்று தலையசைக்க முடியாததால் செல்வி விரலை அசைத்தாள். ஏழு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் அவள் வாய்க்கே சொந்தமாகிவிட்டிருந்தது. அதற்கும் சேர்த்துச் சார்லி மேல் கோபம் வந்தது.

தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு வார்டுக்கு வந்தபோது சார்லி ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா செல்வி? தண்ணி தரலாமாமா? உள்ள... ஒண்ணும் ஆவலயே?"

அவன் கண் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் செல்வி கவனித்தாள். வரும்வரை அவள் ஒன்றும் திட்டமிடவில்லை. அந்தப் பார்வையைப் பார்த்ததும் தானாக வந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆனா ரொம்ப நேரம் பேசிகினே இருந்தனாம். நர்ஸுங்க சொன்னாங்க."

சார்லி டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னா பேசினியாம்?"

"கேட்டேன். சிரிச்சுகினே போயிட்டாங்க."

அன்றிலிருந்து ஐந்து வாரம் செல்வி வாழ்ந்த வாழ்க்கை அதற்கு முந்தின ஏழு வருஷத்துக்கும் சேர்த்து என்று சொல்லலாம்.

தையல் பிரிக்கிற நாளில் தென்னரசு டாக்டர், "இவருதான் வீட்டுக்காரரா?" என்று கேட்டார். வேறு ஒன்றுமில்லை, தலைக்குக் குளிக்கக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது என்று யாரிடமாவது சொல்லவேண்டும் என்பதற்காக. வெளியே வந்ததும் செல்வி, "டாக்டரு ஏன் உங்கள அப்படி மேலயும் கீழயும் பாத்தாரு?" என்றாள். பஸ்ஸில் சார்லி ஆரணி வந்து இறங்கவேண்டிய இடத்தில் இறங்கக்கூட மறந்து, நடத்துனர் அதட்டிய பிறகு எழுந்தான்.

ஆராய்ச்சிக்காக சூர்யகலா போன் செய்தாள். அதற்கு முன்பே, ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில், அவள் வந்து கேட்டபோது செல்வி குடைப் படம் உட்பட எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் பொய் சொல்லி அந்தப் பெண்ணின் கணக்கைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. இப்போது திருப்தி எவ்வளவு, ஒன்றிலிருந்து ஏழுக்குள் சொல்லுங்கள் என்றாள் சூர்யகலா. சார்லி தறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழு மேடம்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவனுக்குக் கேட்கிறாற்போல், "ஆமா மேடம், அவரு இங்கதான் இருக்காரு. அதெல்லாம் இப்ப வேணாம் மேடம்" என்றாள். எதிர்ப்பக்கம் குழம்பிப்போன சூர்யகலா, "எதெல்லாம்மா?" என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

"இன்னா கேட்டாங்க?"

"சும்மா. பொம்பளைங்க விஷயம்."

அவன் தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டால் பக்கத்தில் இன்னொன்று அறுந்தது. குழாயடியில் அம்மணி அக்கா, "இன்னாபா சார்லி, பல்லி கத இந்த வருசம் எங்க வரைக்கும் வந்துகினு இருக்குது?" என்று கிண்டல் செய்தபோது, "உடுக்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பாடற்குழுவில் முன்வரிசையிலிருந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றான். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்கு அவன் பெயரைச் சொன்னபோது வேண்டாம் என்றான். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். செல்வி மட்டும் கேட்கவில்லை. உள்ளே நின்ற ஆன்சனுக்குப் போன் போட்டுக் கேட்கக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. பாத்திரம் தேய்த்தான், ஸ்டெஃபிக்குத் தலை வாரினான். கட்டுப் பிரித்த காதுக்குச் சொட்டு மருந்து விடும்போது அவன் விரல் நடுங்கியது. செல்வி கண்ணை மூடிக்கொண்டு, அந்த நடுக்கத்தை இனிப்பு மாதிரி அனுபவித்தாள்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போனவன் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றான். "செல்வி, உனுக்கு நெஜமாவே ஞாபகம் வரலியா?"

"ஏன், வரணுமா?"

"இல்ல... எதாவது சொல்லி இருந்தா..."

"சொல்லி இருந்தா?"

அவன் உதடு அசைந்தது. இப்போது வரும் என்று செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அவளுக்கு வன்மமெல்லாம் மறந்துபோனது. சொல்லிவிடு, இப்போது சொன்னால் போதும், எல்லாம் விட்டுவிடுகிறேன் என்று மனசு கெஞ்சியது.

"ஒண்ணும் இல்ல. மோர் வேணுமா?" என்றான் சார்லி.

வேண்டாம் என்றாள். அன்றைக்கு அவன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கத்தையும் தட்டோடு சேர்த்துக் கழுவி ஊற்றினாள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை, மறுபரிசோதனை. ஜவ்வு நன்றாக ஒட்டியிருந்தது. கேட்கும் திறனைச் சோதிக்கிற அறைக்குள் அவள் போனபோது சார்லி வெளியே இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் வேறு ஆளாக இருந்தான். தோள் நிமிர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கினான், ஸ்டெஃபிக்கு மைசூர்பாகு. பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். செல்வி என்னவென்று கேட்கவில்லை. எதுவோ கைநழுவிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து சிங்கராயர் மகளைப் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து வந்தார். வந்ததும் அவள் வலது காதருகில் விரலைச் சொடுக்கி, "கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றதும் அவர் கண் கலங்கியது. "இனிமே தலையில பின்னே வேணாம்மா, ரப்பர் பேண்டு போதும்" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கோழிக் குழம்பு. செல்வி பரிமாறினாள்.

"மாமா, ஒரு தமாஷ் கேளுங்க," என்றான் சார்லி. பழைய குரல், பாடற்குழு முன்வரிசைக் குரல். "இவ என்னாண்ட, மயக்கத்துல கண்டபடி உளறிட்டேன்னு சொல்லி ஒரு மாசமா என்ன ஏமாத்திகினு இருந்தா. நேத்து ஆன்சன் கிட்ட கேட்டேன். அவன் உள்ளயே நின்னவன். இவ ஒரு வார்த்த பேசலியாம். டாக்டரு கேட்டாராம், எப்படிம்மா ஆச்சுன்னு. காத அறுத்துப் போட்டு வெச்சிருக்காங்க, மருந்து ஓடிகினு இருக்கு, அப்பயும் இவ சொன்னாளாம், பின்னுதான் சாருன்னு."

சிங்கராயர் சிரித்தார். "மயக்கத்துல மனுஷனுக்குப் பொய் வராது மாப்ள."

"அதான் மாமா நானும் சொல்றேன். உண்மைதான் வந்திருக்கு பாருங்க." அவன் செல்வியை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி மட்டும் இல்லை. நன்றி இருந்தது. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நல்லவள் என்கிற நன்றி. "டாக்டரே மிரண்டு போயிருப்பாரு. பல்லி விஷயம் சொன்னியா செல்வி?"

ஸ்டெஃபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செல்வி கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். ஐந்து வாரமாக அவனைத் துடிக்கவைத்ததில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது. அவன் துடித்தான், ஆனால் அகப்பட்டுக்கொள்வோமே என்றுதான் துடித்தான். அகப்படவில்லை என்றதும் மல்லிகை வாங்கினான். இன்னும் எழுபது வருஷம் காத்திருந்தாலும் இவனுக்குத் தானாகத் தோன்றாது. இது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. தானும் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் அதோடு சேர்ந்து புரிந்தது.

அவள் அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். 

"ஸ்டெஃபி, நீயும் இரு. எங்கயும் போவாத."

"இன்னாச்சு செல்வி?" என்றான் சார்லி. சிரிப்பு பாதி முகத்தில் நின்றுவிட்டிருந்தது.

"அப்பா, மயக்கத்துலயும் பொய் வரும். நான் சொன்னனே. முழுசா தெரிஞ்சுதான் சொன்னேன்." அப்பா பிசைந்த சோற்றோடு அவளைப் பார்த்தார். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு ஏழு வருஷம் வாய மூடிகினு இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன், கேட்டுடறேன். நீங்க என்ன அறைஞ்சத எங்கப்பாகிட்ட சொல்லுங்க. இப்பவே, எங்க எல்லார் எதிர்லயும், உங்க வாயால."